தொட்டால் தங்குமா?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் ஒரு பெண்மான் தண்ணீர் குடித்தே கருவுறுகிறது. நீராடிக்கொண்டிருந்த விபாண்டக முனிவர் ஊர்வசியைப் பார்க்கிறார். நீரில் கலந்த அவருடைய விந்தைத் தண்ணீரோடு சேர்த்துக் குடித்த மானுக்கு ரிஷ்யசிருங்கர் பிறக்கிறார், தலையில் கொம்போடு. ஆதி பர்வத்தில் உபரிசர மன்னனின் விந்தை யமுனையில் ஒரு மீன் விழுங்குகிறது. அதன் வயிற்றைக் கீறினால் மச்சகந்தி. கதை என்ற அளவில் இவற்றால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

தூக்கம் கெடுவது வேறு இடத்தில். விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று நீளும் மானாவாரிக் காட்டில் மழை பெய்தால் கண்மாயில் குளியல், பெய்யாவிட்டால் பம்புசெட் தொட்டி. “ஆம்பளைங்க குளிச்ச தொட்டியில குளிச்சா உண்டாயிருமா?” என்று தோழியிடம் கிசுகிசுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு பக்கம். “தப்பா ஒண்ணும் நடக்கல, துணிமேலதான். ஆனா அவளுக்கு நாள் தள்ளிப்போச்சு” என்று நூல் மில் ஷிப்டு முடிந்து கைப்பேசியைத் துழாவும் இளைஞன் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான். முழு உடலுறவு இல்லாமல் கரு தங்குமா?

மருத்துவம் சொல்லும் விடை சின்னது. விந்து ஈரம் காயாமல் யோனியின் வாசலைத் தொட்டால் வாய்ப்பு உண்டு, மிகச் சிறிய அளவில். தொடாவிட்டால் இல்லை. இந்தச் சின்ன விடைக்கு வந்து சேர மனிதர்களுக்கு எத்தனை நூற்றாண்டு பிடித்தது என்பதும், வந்து சேர்ந்த விடை திருச்சுழிக்கு இன்னும் ஏன் பஸ் ஏறவில்லை என்பதும்தான் பெரிய கதை.

தொட்டித் தண்ணீர்ப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த தத்துவ அறிஞரும் மருத்துவருமான இப்னு ருஷ்து, ஆண்கள் விந்து விட்ட குளியல் நீரில் குளித்துக் கருவுற்ற பெண் ஒருத்தியைப் பற்றித் தம் மருத்துவ நூலில் குறித்துவைத்தார். பெரியவர் சொன்னது என்பதால் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பல நூற்றாண்டுகள் எடுத்தாண்டார்கள். 1646இல் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர், மக்களிடையே உலவும் பொய் நம்பிக்கைகளை அலசி எழுதிய நூலில், இதை ஏற்க முடியாது என்று சொன்னார். ஆனால் அவர் காலத்திலேயே வில்லியம் ஹார்வி எதிர்த்திசையில் போய்விட்டார். இரத்த ஓட்டத்தைக் கண்டு சொன்ன அதே ஹார்விதான். அரசர் சார்லஸின் வேட்டைக் காட்டு மான்களை இணைசேர்ந்த பிறகு அறுத்துப் பார்த்தார், மறுபடியும் மான்! கருப்பைக்குள் விந்து எதுவும் கண்ணில் படவில்லை. எனவே விந்து நேரில் தொட வேண்டியதே இல்லை, தொற்றுநோய் பரவுவதுபோல் ஏதோ ஒரு சக்தி பரவிக் கரு உண்டாகிறது என்று 1651இல் எழுதினார். விந்தின் ஆவியே போதும் என்ற கொள்கை இப்படித்தான் வேர்பிடித்தது. அவ்வளவு பெரிய அறிஞரே அப்படி நம்பியபோது, பம்புசெட் தொட்டிக்குப் பயப்படும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆவியை விரட்டியவர் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் செய்த சோதனைகளைப் படித்தால் சிரிப்பும் வரும், வியப்பும் வரும். ஆண் தவளைகளுக்கு மெல்லிய பட்டுத் துணியில் இறுக்கமான கால்சட்டை தைத்து மாட்டிவிட்டார். தவளைகள் வழக்கம்போல் பெண் தவளைகளை அணைத்துக்கொண்டன. பெண் தவளைகள் முட்டையிட்டன. ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. பிறகு அந்தக் கால்சட்டையில் ஒட்டியிருந்த விந்துத் துளிகளை எடுத்து முட்டைகள்மேல் தடவினார். தலைப்பிரட்டைகள் பிறந்தன. ‘துணிமேலதான்’ என்ற கேள்விக்கு விடை அன்றே வந்துவிட்டது.

அடுத்தது ஆவிச் சோதனை. ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் விந்து, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு கிண்ணத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள். இடையில் ஒரு சின்ன இடைவெளி. ஆவி மேலே போய் முட்டைகளை ஈரமாக்கியது, ஆனால் எதுவும் நடக்கவில்லை. கீழே மிஞ்சிய விந்தை எடுத்துத் தொட்டதும் முட்டைகள் உயிர்பெற்றன. 1780இல் ஒரு பெட்டை நாயைத் தனியே அடைத்துவைத்து, உடல் சூட்டில் வைத்திருந்த விந்தைப் பீச்சாங்குழலால் உள்ளே செலுத்தினார். 62ஆம் நாள் மூன்று குட்டிகள். ஆண் நாய் அதன் அருகில் வரவேயில்லை.

மனிதர்களிடம் இதைச் செய்து காட்டியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். அவரிடம் வந்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. தறியோசையில் வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு நெருக்கமான தொழில்! சிறுநீர்த் துளை ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் கீழே இருந்ததால் விந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. வெதுவெதுப்பான பீச்சாங்குழலில் விந்தை எடுத்து மனைவியின் யோனிக்குள் செலுத்தச் சொன்னார் ஹன்டர். மனைவி கருவுற்றார். இந்தச் செய்தி 1799இல் அச்சில் வந்தது. உறவு நடந்தும் கரு இல்லை, உறவு இல்லாமலே கரு உண்டு என்ற இரண்டும் ஒரே தம்பதியிடம் நிரூபணமாகிவிட்டன. கரு தங்குவதற்கு உறவு முக்கியமில்லை, விந்து எங்கே விழுகிறது என்பதே முக்கியம்.

ஏன் அப்படி என்பதற்கு நுண்ணோக்கி விளக்கம் சொல்லும். ஒரு விந்தணு தலை முதல் வால் வரை மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1.6 கோடி அணுக்கள் இருப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2021இல் இயல்பின் கீழ்வரம்பாக வகுத்தது. இத்தனை கோடி ஏன் என்றால் வழியில் அத்தனை சாவு. யோனிக்குள் இயல்பாகவே அமிலம். அமில அளவு (pH) 3.8 முதல் 4.5 வரை. விந்தின் காரத்தன்மை கொஞ்ச நேரம் காப்பாற்றும், அதற்குள் கருப்பை வாய்ச் சளிக்குள் புகாத அணுக்கள் சில மணி நேரத்தில் செத்துப்போகும். அந்தச் சளியும் எப்போதும் கதவைத் திறப்பதில்லை. மாதத்தின் பெரும்பகுதி கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும். முட்டை வெளிவரும் நாள்களை ஒட்டி மட்டும் முட்டையின் வெள்ளைக்கருபோல் வழவழவென்று இளகி வழிவிடும். உள்ளே போய்ச் சேர்ந்தவை ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள்.

இந்தக் கணக்கைச் சரிபார்த்தவர்கள் அமெரிக்காவில் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும். 221 பெண்கள், 625 மாதவிடாய்ச் சுழற்சிகள். 1995இல் வெளியான அவர்களுடைய முடிவுப்படி, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும் ஆக ஆறு நாள்களில் நடந்த உறவால் மட்டுமே கரு தங்கியது. முழு உடலுறவு நடந்தபோதும், இருப்பதிலேயே ஏற்ற நாளில் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஆனால் அந்த ஆறு நாள் எப்போது வரும் என்பதை நாள்காட்டி சொல்லாது. பதினான்காம் நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதை நம்பி ‘சேஃப் நாள்’ பார்ப்பவர்கள் ஏமாறுவது வழக்கம்.

இனி ஊர்க் கேள்விகளுக்கு வரலாம். முத்தம், அணைப்பு, மார்பைத் தொடுதல் இவற்றால் கரு தங்காது. வாய்வழிப் புணர்ச்சியிலும் தங்காது. இரைப்பைக்கும் கருப்பைக்கும் வழியே கிடையாது, அங்கே போனது செரித்துவிடும். இருவரும் உடையோடு இருந்து ஆணுக்கு விந்து வெளிப்பட்டிருந்தால், துணி உறிஞ்சி மிஞ்சியது காய்ந்துபோகும். காய்ந்த விந்தணு மீண்டும் நீந்தாது. லுங்கியிலும் படுக்கை விரிப்பிலும் கழிவறையிலும் ஒட்டியதற்கும் இதே கதிதான். பம்புசெட் தொட்டி? விந்தணு சாதாரணத் தண்ணீரைத் தாங்காது. உப்புச் செறிவு குறைந்த நீர் உள்ளே புகுந்து வால் சுருண்டு, நகர முடியாமல் அழிந்துவிடும். போதாக்குறைக்குச் சோப்பு வேறு. அத்தனை தண்ணீரில் கலைந்துபோனது ஒரு பெண்ணின் உடலுக்குள் வழி கண்டுபிடிக்கும் என்பது ரிஷ்யசிருங்கர் கதைக்குத்தான் பொருந்தும்.

சந்தேகத்துக்கு இடமுள்ளவை சில உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. உடையில்லாமல் உறுப்போடு உறுப்பு உரசி, விந்து யோனியின் வாசலில் விழுந்திருந்தால் கரு தங்கலாம். ஈர விந்து பட்ட விரலை உடனே உள்ளே விட்டாலும் கொள்கையளவில் வாய்ப்பு உண்டு. ஆசனவாய்வழிப் புணர்ச்சியில் நேரே வழியில்லை. ஆனால் வழிந்தது பக்கத்திலேயே இருக்கும் யோனியைத் தொடலாம். இத்தனையிலும் வாய்ப்பு மிகச் சிறியது. அணுக்களில் மிகப் பெரும்பாலானவை வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் பூஜ்யம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட மாட்டார். யோனியிறுக்கத்தால் உறவே கொள்ள முடியாத மனைவியர் சிலர் இப்படி வாசலில் விழுந்த விந்தால் கருவுற்றிருக்கிறார்கள். கன்னித்திரை கிழியாமலே பிரசவத்துக்கு வந்த பெண்களை மகப்பேறு மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

பலரும் கோட்டை விடும் இடம், விந்து வருமுன் கசியும் வழுவழுப்பான நீர். ‘அது வரலை, அதுக்கு முன்னாடி வந்ததுதான்’ என்பார்கள். அந்த நீர் சுரக்கும் சுரப்பிகள் விந்தணுவை உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் 2011இல் இங்கிலாந்தில் கில்லிக் குழு 27 ஆண்களிடம் 40 மாதிரிகள் வாங்கிப் பார்த்தபோது 11 பேரிடம் விந்தணுக்கள் இருந்தன. அவர்களில் 10 பேரிடம் அவை நீந்திக்கொண்டும் இருந்தன. அளவு குறைவு, ஆனால் இருந்தன. கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் முறையை நம்பும் தம்பதிகளில் ஓராண்டில் நூறில் சுமார் இருபது பேர் கருவுறுவதற்கு இதுவும் ஒரு காரணம், பெரிய காரணம் சரியான நேரத்தில் விலகாததே. அது முழு உறவு கொள்பவர்களின் கணக்கு. வெளித்தொடர்போடு நின்றவர்கள் அந்த எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

இந்தத் துறையில் பொய்களுக்கும் பஞ்சமில்லை. 1874இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கேப்பர்ஸ் என்ற மருத்துவர் ஒரு செய்தி எழுதினார். உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் விதையைத் துளைத்த துப்பாக்கிக் குண்டு, அருகிலிருந்த வீட்டுப் பெண்ணின் வயிற்றில் பாய்ந்து அவள் கருவுற்றாளாம். போர்க்களத்து அற்புதக் கதைகளைக் கேலி செய்ய அவர் எழுதிய வேடிக்கை அது. ஆனால் பல ஆண்டுகள் மருத்துவ நூல்களே அதை மெய்யென்று மேற்கோள் காட்டின. 2013 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னொரு விதம். 7,870 அமெரிக்கப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கணக்கெடுப்பில், 45 பேர் உறவே கொள்ளாமல் கருவுற்றதாகப் பதில் அளித்திருந்தார்கள். அது உடலின் அதிசயத்தைக் காட்டவில்லை, உறவு என்று எதைச் சொல்வது, எதை ஒத்துக்கொள்வது என்பதில் உள்ள தயக்கத்தைத்தான் காட்டியது.

கன்னித்திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சட்டச் சான்று உண்டு. பாலியல் வழக்குகளில் மருத்துவர்கள் செய்துவந்த இருவிரல் சோதனையை நிறுத்த வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. விருதுநகர் மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆனாலும் மகளுக்கு நாள் தள்ளிப்போனால் “பாத்துச் சொல்லுங்க டாக்டர்” என்று வரும் தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் இந்தத் திரையைத்தான்.

விடை இருக்கிறது, ஏன் வந்து சேரவில்லை? பேச்சுக்கூச்சம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. கரிசல் காட்டில் பாலியல் பேச்சு எப்போதும் இருந்தது. கி.ராஜநாராயணன் தொகுத்த ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ அந்த வாய்மொழிக் கதைகளின் திரட்டுதான். களத்துமேட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர்கள், கரு எப்படித் தங்கும், எப்படித் தங்காது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. பொதுமேடையில் இதைப் பேசியவர்கள் உண்டு. சுயமரியாதை மாகாண மாநாடு 1931இல் நடந்தது விருதுநகரில். அந்த இயக்கத்தின் பெரியார், ‘பெண் ஏன் அடிமையானாள்’ நூலில் கர்ப்பத்தடைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டியபோது அவர் பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டினார். அந்தக் குரல் பிறகு அரசாங்கத் திட்டமானபோது சுருங்கிப்போனது. 1968இல் மூன்று நிரோத் ஆணுறை 15 காசுக்கு வந்தது, குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் சுவரில் ஏறியது. கடைசியில் நின்றது ‘இரண்டு பிள்ளை, அப்புறம் ஆபரேஷன்’. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கருத்தடை பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை பெற்ற பிறகு நடக்கும் காரியம். பெறுவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால் உள்ளவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. விந்தணுவும் முட்டையும் இணையும் படமும் இருக்கிறது. விந்தணு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற இடத்தில் பல வகுப்பறைகள் பக்கத்தைப் புரட்டிவிடும். மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களே இட்டுநிரப்பிக்கொள்கிறார்கள். மும்பையில் மருத்துவர் மகிந்தர் வாட்சா, 2005 முதல் 2020 டிசம்பரில் 96 வயதில் இறக்கும்வரை, நாளிதழ்ப் பத்தியில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இரண்டு மூன்று வரியில் கிண்டலும் கரிசனமுமாகப் பதில் சொல்லிவந்தார். தமிழில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் பின்னிரவுத் தொலைக்காட்சியில் அதைச் செய்தார். மற்றபடி ஆண்பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆசான், ‘இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் இத்தனாம் நம்பர் அறையில்’ என்று நாளிதழில் முகாம் அறிவிக்கும் வைத்தியர். விந்து நீர்த்துப்போச்சு, நரம்பு தளர்ந்துபோச்சு என்று அவர் சொல்வதை நம்பும் அதே இளைஞன், அந்த நீர்த்துப்போன விந்து ஜீன்ஸைத் துளைத்துக்கொண்டு போயிருக்குமோ என்றும் பயப்படுகிறான்!

பயம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். பயத்தில் செய்வதுதான் ஆபத்து. ஒரு காலத்தில் இந்த மண்ணில் எங்கும் முளைக்கும் எருக்கின் குச்சியைக் கருப்பைக்குள் செருகினார்கள். சீழ்ப்பிடித்துச் செத்தவர்கள் உண்டு. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது அப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கத்தான். இன்று எருக்கு குறைந்து, பப்பாளி, எள்ளு, கருப்பட்டிக் கஷாயம் என்று தொடங்கி, கடைசியில் எங்கிருந்தோ வாங்கிய கருக்கலைப்பு மாத்திரையில் முடிகிறது. கரு இருக்கிறதா என்று பார்க்காமலே அதை விழுங்குகிறார்கள். கருவே இல்லாதவளுக்கு வீண் இரத்தப்போக்கு, கரு குழாயில் தங்கியவளுக்கு உயிராபத்து.

யோனியின் வாசலில் விந்து பட்டது உறுதி என்றால், செய்ய வேண்டியது வேறு: 72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், தங்கிய கருவைக் கலைக்காது. 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க நாட்டில் அனுமதி உண்டு. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில்தான் அது கிடைப்பது அரிது. தடை இல்லை என்று அதிகாரிகளும் சரக்கு இல்லை என்று கடைக்காரர்களும் சொல்வது நாளிதழ்களில் பலமுறை வந்த செய்தி. அரசு மருத்துவமனையில் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த மாத்திரை போட்ட மாதத்தில் தீட்டு முன்பின்னாக வரலாம். அதைப் பார்த்து மறுபடி பயந்து மறுபடி மாத்திரை தேடுவது வீண். முத்தத்துக்கும் துணிமேல் உரசலுக்கும் இதை விழுங்குவதில் அர்த்தமே இல்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவள் என்றால் சட்டம் வேறு. போக்சோ சட்டத்தில் அவளுடைய சம்மதம் சம்மதமாகாது. மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் அரசு மருத்துவமனைப் படி ஏறுவதில்லை. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்புக்காகக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 24 வாரம் வரையிலான உரிமை மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்பு.

பெரும்பாலானோருக்கு வேண்டியது ஒரு கர்ப்பப் பரிசோதனைக் ‘கார்டு’ மட்டும்தான். மருந்துக் கடையில் கூட்டம் கலையும்வரை நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டால், பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். காலை முதல் சிறுநீரில் மூன்று சொட்டு, ஐந்து நிமிடம். ‘சி’ என்ற இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் இல்லை, ‘டி’யிலும் விழுந்தால் உண்டு. மறுநாளே சோதித்துப் பயனில்லை. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் கார்டு கண்டுபிடிக்கும் ஹார்மோன் சுரக்கும், அப்படி ஒட்ட முட்டை வெளிவந்து ஆறு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். சந்தேகப்பட்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்து ஒற்றைக் கோடு என்றால் அந்தச் சந்திப்பால் கரு இல்லை. அப்படியும் தீட்டு வரவில்லையென்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்: சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, சட்டென்று இளைத்த உடம்பு, பரீட்சையும் பயமும் கெடுத்த தூக்கம். அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் போதும். மகப்பேறு மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்.